தண்ணீர் வரைக்கும் தெரு

மார்ச் 4

இது எந்த வருஷம் என்று பின்னால் யாராவது கேட்டால்: ரயில் பாலத்துக்குப் பச்சை போய்ச் சிவப்பு அடித்த வருஷம். பேருந்து நிலையத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, கண்டக்டர்கள் சீட்டின் மேல் ஏறி நின்ற வருஷம். என் மனைவிக்கு இரண்டாவது முழங்காலையும் மாற்றிய வருஷம். எண்ணாக வேண்டுமென்றால் மருமகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதுகிறவள் அவள்தான். எனக்குக் கட்டைவிரல்தான் கையெழுத்து. "ஒரே கதையைப் பத்துத் தடவை சொல்றீங்க மாமா, எழுதி வெச்சா ஒரு தடவையோட போகும்" என்று ஆரம்பித்து வைத்தாள். நான் பேச்சாகச் சொல்வதைப் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். வசவுகளை மட்டும் விட்டுவிடுகிறாள். கேட்டால் பேனாவில் மை இல்லை என்கிறாள்.

இன்று தெருமுனைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நான் கிரேன் ஓட்டிய உருக்காலை. அதற்கும் அந்தப் பக்கம் ஏரி. ஆலை மூடி எட்டு வருஷமாகப் புல் மண்டிக் கிடக்கிறது. இனி அங்கே வீடு, கடை, பூங்கா எல்லாம் வருமாம். எதை எங்கே, எவ்வளவு உயரத்தில் கட்டலாம் என்று முதலில் நகராட்சி விதி எழுதுமாம்.

மார்ச் 5

மழை. ஒன்றுமில்லை.

மார்ச் 11

விதி எழுதுகிற அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்பு வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு ஆலைக்குள் போனார். "யாருங்க அந்தச் சுண்ணாம்பம்மா?" என்றாள் என் மனைவி. பெயர் ஒட்டிக்கொண்டது.

பின்னாலேயே போனேன். வரைபடம் பார்த்தால் எனக்குப் புரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"பாதிப் பேருக்குப் புரியாதுங்கய்யா. புரிஞ்ச மாதிரி தலையாட்டுவாங்க. அதான் தரையிலயே போட்டுட்டேன், வாங்க."

காகிதத்தில் இருந்ததெல்லாம் அதே அளவில் மண்ணில் கிடந்தது. நடந்து பார்த்தேன். கரையோரம் ஒரு கோடு. அதற்கும் தண்ணீருக்கும் நடுவே எந்தக் கட்டடமும் வரக் கூடாது, அது எல்லோருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் முதலில் குட்டைக் கட்டடங்கள், போகப் போகத்தான் உயரம். "சினிமாக் கொட்டகை மாதிரி. முன்சீட்டுக்காரர் எழுந்து நிக்கக் கூடாது." எண்ணெய் ஊறிய மண்ணைக் கேட்டேன். தோண்டி வேறு யார் வாசலிலோ கொட்டாமல், களிமண்ணால் மூடி மேலே புல் வளர்ப்பார்களாம்.

கடைசியாக இரண்டு கோடுகள், எங்கள் தெருவின் அகலத்துக்கு, சுவரிலிருந்து நேராகத் தண்ணீர் வரை. "உங்க தெருவுக்குக் குறுக்கே எந்தக் கட்டடமும் நிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்."

என்ன ஒரு வேலை. கால் சகதி, கை சுண்ணாம்பு, பேச்சு மட்டும் சுத்தம்.

ஒரே ஒரு விஷயத்தில் சண்டை. என் கிரேனை இடிக்காமல் வைக்கப் போகிறார். முப்பத்தொரு வருஷம் என்னை வறுத்த தகர டப்பா அது, எடைக்குப் போடுங்கள் என்றேன். "உங்களை வறுத்துச்சு, சரி. எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்றார்.

ஏப்ரல் 2

நினைத்தது போலவே ஒரு கட்டுமானக் கம்பெனி குறுக்கே வந்துவிட்டது. தெருமுனையின் இரண்டு பக்க மனைகளையும் சேர்த்து ஒரே கோபுரமாகக் கட்டுவார்களாம். அப்படியானால் தெரு அங்கேயே முடிந்தது. செங்கல் சுவர் போய்க் கண்ணாடிச் சுவர் வரும். அடுத்த மாதம் நகர மன்றத்தில் ஓட்டெடுப்பு.

எங்கள் தெரு வெல்டர் கோபுரத்துக்கு ஆதரவு. என்னோடு ஒரே ஷிப்டில் இருந்தவன். கம்பெனி அவன் மகனுக்கு அங்கே காவல் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது.

"உனக்குத் தண்ணி தெரியணும். என் புள்ளைக்குச் சோறு தெரிய வேண்டாமாடா?"

சாயங்காலம் இதைச் சுண்ணாம்பம்மாவிடமே கேட்டேன். சமாதானம் சொல்வார் என்று நினைத்தேன். "வேலை தருவாங்கன்னு என் விதியில எழுத முடியாதுங்கய்யா. கரையோரக் கட்டடங்கள்ல கீழ்த்தளம் கடைக்கும் பட்டறைக்கும் விடணும்னு எழுத முடியும். எழுதியிருக்கேன். அதுக்கு மேல சொன்னா பொய்." இப்படிச் சொல்கிற அதிகாரியை நான் பார்த்ததில்லை. வெல்டருக்கு இதைச் சொன்னேன். "பொய்யாவது சொல்லலாமில்ல" என்றான்.

ஏப்ரல் 19

கோபுரம் எவ்வளவு உயரம் என்று காட்ட, அதே நீளக் கயிற்றில் சிவப்பு பலூன் விட்டார் சுண்ணாம்பம்மா. தெருவே கூடியது. கம்பெனிக்காரரும் சென்ட் வாசனையோடு வந்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். உயரத்திலேயே பிழைத்தவன் இல்லையா. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "என் கிரேன் உயரம்தான். பெரிசா ஒண்ணுமில்ல" என்றேன்.

"கிரேனே சொல்லிட்டான்" என்றான் வெல்டர். தெருவுக்கு ஆட்சேபம் இல்லை என்று மன்றத்தில் சொல்லிவிடுவதாகக் கம்பெனிக்காரர் கைகொடுத்தார். சுண்ணாம்பம்மா கயிற்றின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும், "காலையில வெள்ளனே வாங்கய்யா, காத்து தூங்கும்போது" என்றார்.

ஏப்ரல் 20

போனேன். ஏரியில் ஓர் அசைவும் இல்லை. பலூன் நெட்டுக்குத்தாக நின்றது. என் கிரேனின் மேல் இன்னொரு கிரேனை வைத்தது போல. நேற்று காற்றில் கயிறு சாய்ந்து கிடந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற எனக்கு அது உறைக்கவேயில்லை. எப்படி உறைக்கும்? முப்பத்தொரு வருஷம் மேலே உட்கார்ந்து கீழே பார்த்தவன். கீழே நின்று உயரத்தை அளந்த பழக்கமே இல்லையே. மூக்கு எதற்கு எனக்கு — அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது.

"நேத்தே ஏன்மா சொல்லல?"

"உங்க தெரு முன்னாடி உங்களைத் திருத்தினா, நாளைக்கு என் பேச்சை நீங்க கேப்பீங்களா? காத்து திருத்தட்டும்னு விட்டேன்."

குளிர்காலத்தில் அந்தக் கோபுரத்தின் நிழல் எதுவரை விழும் என்று எங்கள் தெருவிலும் ஒரு கோடு போட்டார். எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அப்ப துணியை உங்க கிரேன் மேல காயப் போடவா?" என்றாள்.

ஏப்ரல் 21

வீடு வீடாகப் போய் என் வார்த்தையைத் திரும்ப வாங்கினேன். காலையில் மட்டும் ஒன்பது கதவு. அதில் இரண்டு கதவு திறக்கவில்லை. வெல்டர் திறந்தான், கேட்டான், சாத்திக்கொண்டான்.

மே 16

ஓட்டெடுப்பு. பேச எனக்கும் நேரம் கொடுத்தார்கள். தெருவுக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னவன் நான்தான், அது என் கண் செய்த தப்பு, ஆட்சேபம் இருக்கிறது என்றேன். மைக் கூவியதில் பாதி கேட்டிருக்காது. அதற்குப் பிறகு சுண்ணாம்பம்மா பேசினார். குரலை உயர்த்தவில்லை, கம்பெனியைத் திட்டவில்லை. "இந்தத் தெருக்காரங்க ஏரியிலேருந்து கூப்பிடு தூரத்துல இருக்காங்க. வாசல்ல நின்னா சுவர் தெரியுது. அதை மாத்த நமக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் விதி தப்பியது. பின்வரிசைக் கட்டடங்களுக்கு இரண்டு மாடி கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு வருத்தமா என்று கேட்டேன். "பாதி கிடைக்கும்னு வந்தேன். முக்கால் கிடைச்சிருக்கு" என்று சொல்லி, வெளிப்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். அப்போதுதான் தெரிந்தது, கால் எல்லாம் கொப்புளம்.

வாசலில் வெல்டர் நின்றிருந்தான். "மைக்கை வாய்க்குள்ள வெச்சுக்கிட்டா பேசுவாங்க?" என்றான். இரண்டு பேரும் ஒரே பேருந்தில் வந்தோம். அவன் மகனுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை.

நவம்பர் 28

சுவரை இடித்தார்கள். புழுதி அடங்கியதும் தெரு கொஞ்சம் வெட்கப்பட்டது போல வெறுமையாக நின்றது. யாரும் முதலில் போகவில்லை. என் மனைவி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நானும் சுண்ணாம்பம்மாவும் பின்னால்.

கரைக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, கோலால் மண்ணைத் தட்டினாள்.

"இங்க கல்படி இருக்கும். உக்காந்து கால் நனைப்போம்."

எந்தப் படி என்று சுண்ணாம்பம்மா கேட்டார். ஆலை சுவர் எழுப்பியபோது அவளுக்கு ஆறு வயதாம். அவள் இந்தத் தெருவிலேயே பிறந்தவள். நான் வேலைக்கு வந்து, பிறகு அவள் வீட்டுக்கு மாப்பிள்ளையானவன். ஐம்பது வருஷம் கூடவே இருந்து இதை எனக்குச் சொன்னதே இல்லை.

"ஏண்டி சொல்லல?"

"தினம் ஏரியைப் பார்த்துட்டு வர்றவர்கிட்ட என்னன்னு சொல்றது?"

சுண்ணாம்பம்மா மண்டியிட்டு மண்ணைக் கையால் தள்ளிப் பார்த்தார். படி எத்தனை, எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்ல அன்றைக்கு இருந்தவர்கள் வேறு யாராவது உண்டா என்று என்னைக் கேட்டார். இவளோடு கால் நனைத்திருக்கக்கூடியவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். பெரிய மச்சான் போய்விட்டார், ரயில் பாலத்து விபத்தில். சின்ன மச்சான், சர்க்கரையில் காலை எடுத்த பிறகு. பால்காரர் மகள், தலைப்பிரசவத்தில். பக்கத்து வீட்டு இரட்டையர்கள், ஒருவர் போன நாற்பதாம் நாள் மற்றவர். தையல்காரர் தங்கை, போன மழையில்.

மிச்சம் இவள் ஒருத்திதான். என் மனைவி.