முனைக்கத்தியைக் கழற்றிய துப்பாக்கி

1916 மார்ச் 4
நோன்பின் இரண்டாம் வாரம். பீப்பாயில் முட்டைக்கோசு பாதி இருக்கிறது, ஈஸ்டர்வரை வரும்.

நஸாரின் கடிதம் வந்தது. குண்டு விழுந்து அவன் குதிரை செத்துவிட்டதாம். வேறு குதிரை இல்லை என்று என் மகனை நடைப்படையில் சேர்த்துவிட்டார்கள். துப்பாக்கியும் காலாட்களுடையது, முனையில் கத்தி மாட்டியது.

என் வீட்டுக்காரர் அவெர்யான் காறித் துப்பினார். "இருபது வருஷம் சேவகம் பண்ணேன், அந்தக் கம்பியைத் தொட்டதில்ல. குதிரைமேலயே வளந்த கோசாக்குக்கு வாளும் வேலும் போதும்டி. குதிரைமேல அதை மாட்டிக்கிட்டுப் போனா, சொந்தக் குதிரை காதைத்தான் கிழிக்கணும்!"

சிரித்தார். பிறகு தொழுவத்துக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

மார்ச் 5
எனக்கு வேறு பயம். கத்தி மாட்டியவனைத்தானே கிட்டே போய்க் குத்தச் சொல்வார்கள்? அவருக்குத் தெரியாமல் எழுதிவிட்டேன்: "அதைக் கழற்றி வை. இனி மாட்டமாட்டேன் என்று சிலுவைமேல் ஆணையிட்டு எழுது." தப்பா? தாய்தானே நான்.

ஏப்ரல் 2
பதில் வந்துவிட்டது. "கழட்டிட்டேம்மா. ஆணை." ஆண்டவருக்குத் தோத்திரம்.

ஏப்ரல் 10
ஈஸ்டர். வெங்காயத் தோலில் இருபத்து நான்கு முட்டை சிவப்பாக்கினேன். ஒன்று நஸாருக்கு, சாமிபடத்தின் முன்னால்.

ஜூன் 19
பட்டாளத்திலிருந்து தாள் வந்தது. நஸார் இல்லை.

ஆகஸ்ட் 11
அவனோடு இருந்த திகான் வந்தான், ஒரு கை இல்லாமல். வைத்த கஞ்சியைத் தொடவில்லை.

"நம்ம குதிரைப்படைத் துப்பாக்கி கத்தியில்லாமச் சுட்டுக் குறி சரிபாத்தது, சித்தி. அவனுக்குக் குடுத்த காலாள் துப்பாக்கி கத்தியோட சரிபாத்தது. கழட்டினா குண்டு ஓரமாப் போயிடும். எவ்வளவோ சொன்னோம். 'அம்மாவுக்கு ஆணை குடுத்திருக்கேன்டா'ன்னான். இருநூறு தப்படி தள்ளி எதிரியோட எந்திரத் துப்பாக்கிக்காரன். நஸார் மூணு தடவை சுட்டான். நஸார், சித்தி! ஓடற நரியை அடிக்கிறவன்! மூணும் தப்பிடுச்சு. அதுக்குள்ள அவன் இந்தப் பக்கம் திருப்பிட்டான்..."

அவெர்யான் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 12
கிட்டப் போகவேண்டாம்னுதானே சொன்னேன் — தூரத்திலேயே —

ஆகஸ்ட் 20
ஜெபம் வரவில்லை.

செப்டம்பர் 26
பக்கத்து வீட்டு பெலகேயா வெறுந்தாளோடு வந்தாள். அவள் மகனும் குதிரையை இழந்து நடக்கிறானாம். அவளுக்கு எழுத வராது.

"உன் பிள்ளைக்கு எழுதினியாமே அக்கா, அந்தக் கத்தியைக் கழட்டச் சொல்லி. அதே மாதிரி எழுதிக் குடு. அவனும் கிட்டப் போகவேணாம்."

எழுதினேன். படித்துக்காட்டச் சொன்னாள். "அதைக் கழற்றாதே, மகனே" என்பதைச் சத்தமாகவே படித்தேன்.

"ஏன்க்கா?"

அவெர்யான் வாசலில் நின்றிருந்தார். அவர் காதுபடவே எல்லாம் சொன்னேன்.