எழுத வருகிறது, படிக்க வரவில்லை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் மழை. பின்மண்டையில் தலைவலி, மாத்திரை போட்டும் விடவில்லை. கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டேன். பத்திரிகையை விரித்தால் எழுத்து எழுத்தாகவே இல்லை. சீனப் பத்திரிகை மாதிரி. மலாய்ப் பத்திரிகையும் அப்படியே. படங்கள் மட்டும் தெளிவு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இவரிடம் சொல்லவில்லை. லோரி எடுக்கும் நேரத்தில் எதற்கு.

இதை எழுத முடிகிறது. எழுதியதைத்தான் படிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கண்ணாடிக் கடைக்கு அடுத்த வாரம் போகலாம். ஞாயிறு சரோஜா புருஷனின் கருமாதி. சாப்பாடு என் பொறுப்பு. அவளும் நானும் ஒரே தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்தவர்கள், மற்ற சமையல் ஆர்டர் மாதிரி இல்லை இது.

மாலையில் கைப்பேசிக்குச் சேதி. சரோஜாவின் முகம் தெரிந்தது. கீழே நாலு வரி, ஒன்றும் புரியவில்லை. நன்றி சொல்லியிருப்பாள். கூப்பிட்டுக் கேட்க வெட்கம். கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

நல்ல வெயில். நாளைக்கு என்று பூசணி நறுக்கிக்கொண்டிருந்தேன். சரோஜா அழைத்தாள்.

"சாப்பாடு எங்க வசந்தா? பூச முடிஞ்சிருச்சு. எல்லாரும் உக்காந்திருக்காங்க."

அவள் மகனுக்கு ஞாயிறு காலை விமானம். கருமாதியைச் சனிக்கு மாற்றியதைத்தான் அன்று எழுதியிருக்கிறாள். ரோட்டோரக் கடையில் பொட்டலம் வாங்கிச் சமாளித்தார்களாம். அவள் புருஷன் படத்துக்கு முன்னால் வெறும் வாழைப்பழம்.

சாயங்காலம் இவரிடம் எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஆகஸ்ட் 20, புதன்

வார்டு. பக்கத்துக் கட்டிலில் இருமல். கஞ்சியில் உப்பில்லை. மகள் தேவி கோலாலம்பூரில் இருந்து வந்திருக்கிறாள்.

டாக்டரம்மா தாளில் மூளையை வரைந்து காட்டினார். இடது பாதியில், பின்னால், இரத்தக்குழாய் அடைப்பு. அதனால் வலப்பக்கம் பார்வை இல்லை. இடப்பக்கம் உள்ளதை வலது மூளை பார்க்கிறதாம். ஆனால் எழுத்தைப் புரிந்துகொள்ளும் இடம் இடது மூளையில். நடுவே பாலம் மாதிரி ஒன்று, அதன் பின்முனையும் கெட்டுவிட்டது. பார்த்த எழுத்து அந்தப் பக்கம் போய்ச் சேருவதில்லை. முகமும் பொருளும் வேறு வழியாகப் போய்விடும். எழுதும் கைக்குப் பழுதில்லை.

அன்றைக்கே வந்திருந்தால்? கேட்டேன். கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

தேவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஒரு கால் பண்ணியிருந்தா போதும்லா ம்மா."

எந்த அழைப்பைச் சொல்கிறாள்? தனக்கா, சரோஜாவுக்கா.

ஆகஸ்ட் 28, வியாழன்

மேகமூட்டம். இவரோடு சரோஜா வீட்டுக்கு. டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். காப்பி கொடுத்தாள்.

"நம்புறேன். ஆனா பதினாறாம் நாள் காரியம் ஒரு தடவதான் வரும், வசந்தா."

நாளை வெள்ளிக்கிழமை, அவள் புருஷனுக்கு ஒரு படையல் நான் சமைக்கிறேன் என்றேன். காப்பி டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்தாள். வாசல் வரை வந்து, அவருக்குப் பிடித்த கறிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மறந்துவிடக் கூடாதென்று பழக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

வரும் வழியில் காய்கறிக் கடை. தாளை எடுத்தால் கோடுகள்தான். வரி மேல் வரி ஏறிய என் கிறுக்கல் இவருக்கும் புரியவில்லை. இரண்டு கறி நினைவில் இருந்தது, மீதி இல்லை. ஏதாவது வாங்கிப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம்.

அவளைக் கூப்பிட்டேன். "சரோஜா, எழுதினத படிக்க முடியல. திரும்பச் சொல்லு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.

"கத்திரிக்கா," என்றாள். "பிஞ்சா பாத்து எடு."