அண்ணாச்சி நாற்காலிக்கு எந்த கிரீஸ்

23 அக்டோபர், வியாழன்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய், சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டில் பார்க்க வேண்டியவை:

1. சக்கர நாற்காலி, முன் சக்கர பேரிங்: லித்தியம் கிரீஸ். உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். திணித்தால் சக்கரம் இழுக்கும். பழைய கிரீஸ் என்ன வகை என்று தெரியாது. மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவிய பிறகே புதியது. இரண்டு வகை கலந்தால் இளகி ஓடிவிடும்.
2. குளியலறை பிளாஸ்டிக் தள்ளுகதவு, உருளைகள்: சிலிக்கான் கிரீஸ், மிக மெல்லியதாக. மற்றது பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடலாம். கீழ்த் தடத்தில் தடவக் கூடாது, தூசி பிடிக்கும்.
3. குழாய் ரப்பர் வளையம்: அதே சிலிக்கான். வளையமே சிலிக்கான் ரப்பர் என்றால் கூடாது, உப்பிவிடும்.
4. வாசல் கேட் கீல்: மழையில் நனைவது. கால்சியம் கிரீஸ், தண்ணீருக்கு நிற்கும்.
5. பிரேக் கட்டை: எதுவும் படக் கூடாது.
6. அண்ணாச்சிக்கு வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. இதைக் கேட்டு உறுதி செய்யத் தேவையில்லை.

ஆறாவது இந்தப் பட்டியலில் ஏன் வந்தது என்று தெரியவில்லை. கோடு போட்டு அடிக்கவில்லை. இருக்கட்டும்.

பக்கவாதம் வந்த பிறகு அண்ணாச்சிக்கு வலது பக்கம் பலமில்லை. இடது கையாலும் காலாலும் நாற்காலியைத் தள்ளிக்கொள்கிறார். மகன் முருகேசன் ஓசூரில். ஞாயிறு வருகிறார். அப்பா ஆள் துணையில்லாமல் கட்டிலிலிருந்து குளியலறை வரை போய் வந்தால் இங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் கையோடு கூட்டிப்போகிறேன் என்று போனில் சொன்னார். நாற்காலியோ இடப்பக்கம் இழுக்கிறது. கதவு பாதியில் நின்றுவிடுகிறது.

ஒரே மில்லில் இருந்தோம். அவர் ஸ்பின்னிங் மாஸ்டர், நான் மெயின்டனன்ஸ். ரிட்டயர் ஆன பிறகு எனக்குச் சனிக்கிழமை என்றால் அவர் வீடு. மற்ற நாளில் என் குரலை நான் கேட்பது பால் வாங்கும்போது.

24, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். ராஜபாளையம் பஜாரில் கிரீஸ் வாங்கினேன்.

கடைக்காரர்: "எல்லாம் ஒண்ணுதான் சார். செவப்பு, நீலம், மஞ்ச. கலர்தான் வித்தியாசம்."

கலர் வெறும் சாயம். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பின்னால் நின்ற ஒருவர், "பெரியவர் சாதகம் பாக்காரு போல. பொருத்தம் எப்படி இருக்கு?" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். சரியானதுதான். எதிர் வீட்டில் தீபாவளிக்குத் தந்த அதிரசம் இன்னும் டப்பாவில். ஒன்று தின்றேன். கல்.

25, சனி

பஸ்ஸில் ஜன்னல் இருக்கை, சாரல். பையில் மண்ணெண்ணெய் பாட்டில் கசியவில்லை.

சமையலுக்கு வரும் மாரியம்மா வாசலிலேயே: "சார், கிரீஸ் கையோட அடுப்படிப் பக்கம் வந்திராதீக."

அண்ணாச்சி கட்டிலிலிருந்து: "வாரும் இன்ஜினியரே. எம்புட்டுச் சாமான். பிளேனையா கழட்டப் போறீரு?"

கதவு உருளைகள் முதலில். முடிந்தது, ஒரு விரலுக்கு நகர்கிறது. குழாய், சரி. பிறகு நாற்காலியின் இடது முன் சக்கரம். பேரிங்கில் குற்றமில்லை. அச்சில் முடி சுற்றியிருந்தது. நீள முடி. நரை.

பாக்கியத்தக்கா உட்கார்ந்திருந்த நாற்காலி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணாச்சியின் மனைவி. போன வருஷம் போய்விட்டார்கள்.

மில்லில் உருளையில் நூல் சுற்றினால் பிளேடு வைத்து ஒரே இழுப்பு. இன்று கை போகவில்லை. நுனியைத் தேடி எடுத்து, சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் பிரித்தேன். நேரம் ஆனது. பேப்பரில் வைத்து மடிக்கும்போது அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"அவ முடியா?"

"ஆமா அண்ணாச்சி."

இடது கையை நீட்டினார். கொடுத்தேன். பொட்டலத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, "சரி, நீரு கிரீஸைப் போடும்," என்றார்.

கழுவி, துடைத்து, மூன்றில் ஒரு பங்கு. நேராக ஓடுகிறது. பிரேக்கில் ஒரு துளி படவில்லை. இருமுறை பார்த்தேன். கேட் கீலுக்கு நேரமில்லை, மழை பிடித்துக்கொண்டது.

26, ஞாயிறு

இன்றும் போனேன். கூப்பிடவில்லை, இருந்தாலும்.

முருகேசன் கதவோரம் நின்று பார்த்தார். அண்ணாச்சி கட்டிலிலிருந்து தானே நாற்காலிக்கு மாறினார். நேராகப் போனார். கதவைத் தள்ளினார். உள்ளே போனார், வந்தார். சத்தமே இல்லை.

"பிரமாதம் மாமா," என்றார் முருகேசன் என்னிடம். பிறகு, "சரிப்பா. நீங்க இங்கயே இருங்க."

அடுத்த சனிக்கிழமை கேட் கீல் என்று மனதில் போட்டுக்கொண்டேன்.

"இல்லலே," என்றார் அண்ணாச்சி. "நான் உன்கூட வாரேன்."

முருகேசன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணாச்சி நாற்காலியை என் பக்கம் திருப்பினார், லேசாகத் திரும்பியது.

"இந்த வீட்டுல எந்தக் கதவைத் தள்ளுனாலும் அவதான் வாரா. முடியல வே. தீபாவளிக்கு முந்தியே போயிருப்பேன். சனிக்கிழமையானா நீரு பையோட வந்து நிப்பீரு. உம்மகிட்ட எப்படிச் சொல்ல? நீரா ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நல்லது அண்ணாச்சி," என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மாரியம்மா காபி கொடுத்தாள். சர்க்கரை அதிகம்.

28, செவ்வாய்

விடாத மழை. நேற்று காரில் கிளம்பிவிட்டார்கள். நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்தது நான்தான். பொட்டலம் அவர் சட்டைப் பையில் இருந்தது.

காலையில் போன். "இன்ஜினியரே, இங்க டைல்ஸ் தரை. வழுக்கிட்டு ஓடுது. பிரேக் நல்லாப் புடிக்கி."

சிலிக்கான் டியூபில் பாதிக்கு மேல் மிச்சம். என் வீட்டுக் குளியலறைக் கதவுக்கும் போடலாம் என்று எடுத்தேன். மூடி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமைப் பட்டியலைச் சரிபார்த்தேன். 1, 2, 3, 5 சரி. 4 செய்யவில்லை, ஆனால் கிரீஸ் அதுதான்.

6 தவறு. கேட்டிருக்க வேண்டும்.