கொல்லைப் பக்கத்து நிழல்

உ

நெய்வேலி,
3.3.1963

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

கமலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் சௌக்கியம். அவருக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட். மந்தாரக்குப்பத்தில் நீங்களும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? இரண்டு மைல் தூரத்துக்கு எதற்கம்மா கடிதம் என்று தபால்காரரே சிரிக்கிறார். நேரில் வந்தால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான்.

வருகிற பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்குத் தலைத் திவசம். அம்மா வடலூர்ச் சன்மார்க்க வழியில் இருந்தவள், மந்திரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஜோதி ஏற்றி ஐம்பது பேருக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். அம்மாவோடு வேலை பார்த்த நர்சுகள் சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். அண்ணன் என்ற முறையில் நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அன்று பந்தியிலும் உட்கார வேண்டும்.

போன வருஷம் பிறந்த வீட்டுக் கோடிக்காக அம்மாவை மாலை வரை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். கடைசியில் உங்கள் மகன் சண்முகசுந்தரம்தான் புடவை கொண்டுவந்தான். "அப்பாவுக்குக் காய்ச்சல்" என்றான். பொய் என்று முகத்திலேயே தெரிந்தது.

தங்கள்,
கமலா


மந்தாரக்குப்பம்,
7.3.1963

சௌபாக்கியவதி கமலாவுக்கு மாமா அய்யாசாமி ஆசீர்வாதம்.

நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். நான் பள்ளிக்கூடம் போகாதவன். மணலில் விரலால் எழுதிப் படித்தவன். மலருக்கு எழுதும் வித்தை தெரியாது. தெரிந்ததைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

சாப்பிட வர முடியாது. என் ஆறு காணியைச் சர்க்கார் நிலக்கரிக்காக எடுத்துக்கொண்டது. அங்கே பள்ளம் தோண்டுகிறவர்களுக்குக் கட்டின வீடு உன் வீடு. அதில் கால் வைக்கமாட்டேன் என்று அன்றே சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

மூத்தவன் நான் இருக்க, கல்யாணம், பாகப்பிரிவினை, பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர்கள் தனபாக்கியத்திடம்தானே போனார்கள்? மலருக்கும் அவர்களையே கேட்டிருக்கலாம்.

அய்யாசாமி

(தனித்தாள்)
திருமதி தனபாக்கியம் அம்மாள். இருபத்திரண்டு வயதில் கைக்குழந்தையோடு விதவை ஆனார். கடலூரில் நர்சு வேலை கற்றார். முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம். தைப்பூசத்துக்கு வடலூர் போகத் தவறியதில்லை. நல்லவர்.


நெய்வேலி,
10.3.1963

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

தனித்தாளைத் திருப்பி அனுப்புகிறேன். ரேஷன் கார்டில் இதைவிட அதிகம் எழுதியிருக்கும். இதில் அம்மா எங்கே?

ஒன்று கேட்கிறேன். சின்ன வயதில் அம்மா என்னை உங்கள் வீட்டுக்குக் கூட்டி வரும்போதெல்லாம் தெருவைச் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாகத்தான் நுழைவாள். ஏம்மா என்றால், "அந்தப் பக்கம்தாண்டி நிழல்" என்பாள். ஆனால் புங்கமரம் வாசலில்தானே இருந்தது, மாமா? கொல்லையில் வெயில் கொளுத்துமே.

கமலா


மந்தாரக்குப்பம்,
13.3.1963

கமலாவுக்கு,

கொல்லையில் ஒரு முருங்கைகூட இல்லை. நிழல் என்று உன் அம்மா சொன்னது எனக்காகச் சொன்ன பொய்.

சண்முகசுந்தரம் கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. அது மார்கழி மாதம். உன் அத்தை பட்டம்மாள் இரண்டு நாளாக வலியில் கிடந்தாள். குழந்தைக்குக் கால் முதலில் வந்துவிட்டது. மருத்துவச்சி சாமியம்மாள் கையை விரித்துவிட்டாள். உன் அம்மா அப்போது சேரியில் ஒரு பிரசவம் பார்த்து முடித்திருந்தாள். ஆள் போய்ச் சொன்னதும், எனாமல் பேசினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, விடிந்தும் விடியாமல் ஓடி வந்தாள்.

நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"அங்கேருந்து அப்படியே வர்றியா? கெணத்துல குளிச்சிட்டுக் கொல்லை வழியா வா."

"நேரமில்லண்ணே. சோப்புப் போட்டுக் கை கழுவிகினுதான் வந்தேன்."

"குளிச்சிட்டு வா."

உள்ளேயிருந்து சாமியம்மாள் கத்தினாள்: "என்னா ஆளுய்யா நீ! பொண்டாட்டி உசுரு போயிகினு இருக்கு, வாசல்ல தீட்டுப் பாத்துகினு நிக்கிற!"

அப்போதும் நான் நகரவில்லை. உன் அம்மா குளித்துவிட்டு ஈரப் புடவையோடு உள்ளே போனாள். பட்டம்மாள் நெற்றியில் விபூதி வைத்து, ஒரு நொடி கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு பதமாகப் பிள்ளையை எடுத்தாள். அது அழவில்லை. வாயோடு வாய் வைத்து ஊதி அழவைத்தாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். நானும் கொடுக்கவில்லை.

அவள் தெருமுனை திரும்புவதற்குள், அவள் நின்ற வாசலில் சாணியைக் கரைத்து என் கையாலேயே தெளித்தேன். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு, வீடு இருந்தவரை, பத்தொன்பது வருஷம் கொல்லை வழியாகத்தான் வந்தாள். "முன்னால வா, தனம்" என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

நானும் வருஷா வருஷம் வடலூர் போனவன்தான். அங்கே பந்தியில் பக்கத்து இலைக்காரன் யார் என்று கேட்டதில்லை. தங்கை வீட்டில் மட்டும் கை நனைத்ததில்லை.

வீட்டை எடுத்தபோது ஊரே அழுதது. நானும் மண்ணை வாரித் தூற்றினேன். ஆனால் அந்த வாசல் பள்ளமாகிப் போனதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. குவார்ட்டர்ஸில் கால் வைக்கமாட்டேன் என்றது நிலத்துக்காக அல்ல. உன் அம்மா முன்கதவைத் திறந்து "வாண்ணே" என்பாளே, அதை என்னால் தாங்க முடியாதே என்றுதான். கோடிப் புடவையோடு உங்கள் பிளாக் முனைவரை நானும் வந்தேன். வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் மகன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இதை மலரில் போடு. ஒரு வரி குறைக்கக் கூடாது. ஞாயிறு வருகிறேன். முன்வாசலில் வரமாட்டேன். குழாயடியில் குளித்துவிட்டுப் பின்பக்கச் சந்து வழியாக வருவேன். அங்கேயே இலை போடு. நான் போனதும் சாணி தெளித்துவிடு. இதில் நீ மறுத்துப் பேசக் கூடாது.

அய்யாசாமி


நெய்வேலி,
14.3.1963

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

மூன்று தடவை படித்தேன். கோபம் வந்தது. போய்விட்டது என்று பொய் எழுதமாட்டேன். ஒரு வரியும் குறைக்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். சண்முகசுந்தரத்திடம் நான் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

பின்பக்கக் கதவை அன்று பூட்டிவைப்பேன். அந்த வழி உங்களுக்குச் சுலபம், யாரும் பார்க்கமாட்டார்கள். அம்மாவோடு வேலை பார்த்தவர்கள், அம்மா கையில் பிறந்தவர்கள், அந்தச் சேரிக்காரர்கள் எல்லாரும் முன்வாசலில்தான் இருப்பார்கள். ஆளுக்கொரு மலர் கையில் இருக்கும். அவர்கள் நடுவே நடந்து வாருங்கள். உங்கள் இலை அவர்கள் வரிசையில் இருக்கும்.

சாணி தெளிக்கச் சொன்னீர்கள். மறுநாள் விடியற்காலையில், எல்லா வீட்டிலும் தெளிக்கிற நேரத்தில் தெளிப்பேன். அதற்கு முன்னால் கிடையாது.

கமலா