நான் போட்ட சரி

பெப்ரவரி 6, செவ்வாய்

இன்று கிளினிக். ஒன்பது மாத ஊசிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். தாய்மாரை வாங்கில் இருத்தி, மருத்துவிச்சி வழமையாகப் பேசும் பேச்சைப் பேசினேன். மூன்று மாதத்தில் முகத்துக்கு நேரே முகம் வைத்துக் கதையுங்கள். ஆறு மாதத்தில் கிலுக்கு ஆட்டுங்கள். ஒன்பதில் துணியால் முகத்தை மூடித் திறந்து விளையாடுங்கள். ஒரு வயதில் சட்டியையும் அகப்பையையும் கையில் கொடுங்கள், தட்டட்டும்.

ரிப்கா எழும்பினாள். புருஷன் நிஸ்தார் கட்டாரில். அவள் வீட்டில் தறி போட்டுச் சாரம் நெய்கிறாள். மடியில் மகன் ஹம்தான். "மிஸி, கூப்பிட்டா இவன் கிறுகிப் பாக்கிறான் இல்லையே."

"நாள் முழுக்கத் தறியில குந்திட்டு இருந்தா எப்படித் திரும்பிப் பாப்பான்? விளையாடாத உம்மாவ எந்தப் புள்ளகா பாக்கும்?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். நல்லாகச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.

பெப்ரவரி 21, புதன்

ரிப்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்குத் தொண்டை கட்டிப்போய்க் காற்றுத்தான் வருகிறது. "நீங்க சொன்ன நாள்லேருந்து பாட்டுத்தான் மிஸி. விடிய இருந்து பாடுறன்." ஹம்தான் தறிக்குப் பக்கத்தில் பாயில் உறங்கினான். அவள் இரண்டு முழம் நெய்து முடியுமட்டும் அவன் அசையவில்லை. "இந்தச் சத்தத்திலயும் உறங்கிறானே, நல்ல புள்ள" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வீட்டில் ஒரு தட்டு விழுந்தது. அங்கிருந்த குழந்தை திடுக்கிட்டு வீரிட்டது.

ஹம்தான் தறிச் சத்தத்துக்கும் அசையாதது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெப்ரவரி 22, வியாழன்

ஹம்தானுக்குப் பின்னால் நின்று கரண்டியால் தட்டில் அடித்தேன். மூன்று தரம். திரும்பவில்லை. ரிப்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வயித்தில ஊதினாச் சிரிப்பான் மிஸி" என்றாள், அவனுக்காகச் சாட்சி சொல்வது போல. ஊதிக் காட்டினாள். புரண்டு புரண்டு சிரித்தான்.

இவள் விளையாடவில்லை என்றா சொன்னேன்?

பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 14, வியாழன்

இரண்டு காதும் கேட்பது மிகக் குறைவு என்று முடிவு வந்திருக்கிறது. ரிப்கா பிள்ளையின் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தாள். ஏழாம் மாதத்துக்குரிய பக்கம். 'சத்தத்துக்குத் திரும்புகிறது' — எதிரே என் கையால் போட்ட சரி.

"டொக்டர் கேக்கிறார் மிஸி, அப்ப கிறுகினவன் மறுகா ஏன் கேளாமப் போனான் எண்டு. காய்ச்சல் வந்ததா, விழுத்தினீங்களா எண்டெல்லாம் கேக்கிறார். அண்டைக்கு இவன் கிறுகினானா?"

"ஓம். கிறுகினான்."

நோன்பு வாயோடு சொன்னேன்.

மார்ச் 15, வெள்ளி

இங்காவது உண்மையை எழுது, சபீனா. டிசம்பரில் மாத அறிக்கை கொடுக்கும் கடைசி நாள். மழை. இன்னும் நாலு வீடு கிடந்தது. கிலுக்கை அவன் கண்ணுக்கு முன்னால் ஆட்டினேன், எட்டிப் பிடித்தான். பின்னால் போய் ஆட்டவேயில்லை. மேலிருந்து கீழாக வரிசையாகச் சரி போட்டேன். பதினேழு வருஷ வேலை!

ஏப்ரல் 3, புதன்

ரிப்காவின் தறிக்கு மேல் சீலை போர்த்திக் கிடக்கிறது. பெருநாளுக்குச் சாரம் நெய்ய ஒப்புக்கொண்டு வாங்கிய நூலையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

"எண்ட தறிச் சத்தந்தான் அவன்ட காதக் கெடுத்திருக்கும் மிஸி. கேட்டுக்கொண்டிருந்த புள்ளையல்லோ. அவரும் கட்டாரிலேருந்து போன்ல அதைத்தான் சொல்றார்."

அவளுக்கு எதிரே தரையில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்காமல் போட்ட சரி. போன மாதம் சொன்ன பொய். "உன்ட தறி ஒண்டும் செய்யல்லகா. அவன் அப்பயே கிறுகல்ல. நான்தான் பாக்கல்ல."

அழுவாள், ஏசுவாள் என்று இருந்தேன். இரண்டும் இல்லை. ஹம்தானின் சட்டைப் பொத்தானைப் பூட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஏசக்குள்ள எல்லாருக்கும் முன்னால ஏசினீங்க. இத மட்டும் வீட்டுக்குள்ள வந்து சொல்றீங்க."

ஏப்ரல் 4, வியாழன்

எங்கள் மேலதிகாரியான டொக்டரிடம் எழுத்தில் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கும் ஒரு பிரதி. டொக்டர் இரண்டு தரம் வாசித்தார். விளக்கம் கேட்பார்களாம். கேட்கட்டும்.

ஏப்ரல் 23, செவ்வாய்

கிளினிக். அதே வாங்கு, பாதிக்கு மேல் அதே தாய்மார். "ரிப்கா புள்ளையோட விளையாடல்ல எண்டு நான் இங்க வச்சுச் சொன்னது பிழை. புள்ளைக்குக் காது கேக்கல்ல. அதக் கண்டுபிடிச்சது உம்மா, நானில்ல" என்றேன். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ரிப்கா வரவில்லை. ஊசிக்கு வேறு கிளினிக்குக்குப் போவதாகக் கேள்வி.

யூன் 11, செவ்வாய்

ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் போய் நின்று கிலுக்கு ஆட்டுகிறேன். வரிசை நீளுகிறது. முணுமுணுக்கிறார்கள்.

செப்டெம்பர் 12, வியாழன்

ரிப்கா ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தாள். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே தறிச் சத்தம் கேட்டது. ஹம்தான் வாசலில் கவிழ்த்த சட்டியோடு இருந்தான். காதுகளில் இரண்டு சின்ன மெஷின்கள், வைத்து ஒன்பது நாள். அகப்பையால் ஒரு தட்டுத் தட்டுகிறான், நிறுத்துகிறான், சட்டியைப் பார்க்கிறான். மறுபடி ஒரு தட்டு.

நான் குனிந்து, வழக்கம் போல உரத்து, "என்ன மனே, என்ன செய்றாய்?" என்றேன்.

அவன் உதடு கோணியது. வீரிட்டு அழுதான்.

உள்ளே தறி நின்றது. ரிப்கா ஓடி வந்து அவனைத் தூக்கினாள்.

"மெல்லக் கதைங்க மிஸி" என்றாள். "அவனுக்குக் கேக்குது."