வாசிகசாலைச் சுவரில் ஒரு அம்பு

என் அன்பான அப்பாவுக்கு,

நம்ம ஊர் வாசிகசாலையை இடிக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகக் கேளுங்கள்.

நீங்கள் கண்மூடின மறுமாசமே சித்தப்பா யாழ்ப்பாணத்திலிருந்து போன் போட்டார். "பிள்ளை, வாசிகசாலையை இடிச்சுப்போட்டுப் புதுசா மண்டபம் கட்டப்போறம். கமிட்டி முடிவெடுத்திட்டுது." சண்டைக்கு முன்னால் ஊரே காலையில் பேப்பர் படிக்க வந்து உட்கார்ந்த கட்டடம், இப்போது கூரை போய், சுவரெல்லாம் குண்டு துளைத்து நிற்கிறதாம். எனக்கு வந்ததே கோபம். நீங்கள் தைத்த அதே அருள்புரம் பனியன் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம் அது, டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

"போட்டோ அனுப்புங்க சித்தப்பா. நான் பாக்காம ஒரு கல்லையும் தொடாதீங்க."

"ஒவ்வொரு சொல்லுக்கும் 'ங்க' போட்டால் நான் கேட்டிடுவனோ?" என்று சிரித்தார். அகதி முகாமில் பிறந்து திருப்பூரில் வளர்ந்தவள் வேறு எப்படிப் பேசுவேன்?

வந்த போட்டோக்களைப் பிரிண்ட் எடுத்து செக்கிங் டேபிளில் பரப்பினேன். பனியனில் பழுது இருக்கிற இடத்தில் சின்னதாக அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோமே, அதையே எடுத்துச் சுவரில் பழுதான இடத்துக்கெல்லாம் ஒட்டினேன். கூரை போச்சு, கதவு போச்சு, தெற்குச் சுவர் பாதி போச்சு. மற்றதெல்லாம் கல்லாட்டம் நிக்குது. பிரித்துத் தைத்து ஆல்டர் பண்ணக்கூடிய பீஸை ஏன் ரிஜெக்டில் போடுகிறாய் என்று ஓவர்லாக் மெஷினிலிருந்து எத்தனை தடவை என்னோடு மல்லுக்கு நின்றிருப்பீர்கள்? அம்பு ஒட்டியதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, அதையே சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். "அம்பு ஒட்டின இடத்தை மட்டும் சரிபண்ணுங்க. குண்டு போட்டே விழாததை நாம ஏனுங்க இடிக்கணும்?"

அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. ஒரே மகன் சுரேன் அண்ணாவைக் கடைசியாக அந்த வாசலில்தான் பார்த்தாராம். குண்டு விழ, ஆளுக்கொரு பக்கம் ஓடினார்களாம். "அந்த வாசலைப் பாக்கேலாது பிள்ளை." அண்ணா இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

எனக்கும் அழுகைதான். ஆனாலும் விடவில்லை அப்பா. "இடிச்சுட்டா, அண்ணா தேடிட்டு வந்தா எந்த வாசலுக்கு வருவாருங்க?" என்று கேட்டுவிட்டேன். போனை வைத்துவிட்டார். வாயை அடக்க மாட்டியா என்று அம்மா திட்டினாள். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மறுவாரம் கமிட்டியிடம் பேசி, கொத்தனாரைக் கூப்பிட்டது சித்தப்பாதான். சண்டையில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்ற பகையில் முகம் பார்க்காமல் கிடந்த ரெண்டு தெருக்காரரும் ஓடு தூக்க வந்தார்களாம். ஒரே பானையில் தேத்தண்ணி.

திறந்த அன்று வீடியோ காலில் காட்டினார். குண்டு ஓட்டைகளை எல்லாம் பூசியாயிற்று. நான்தான் பூசச் சொன்னேன். அது பேப்பர் படிக்கிற இடம், வருகிறவன் போகிறவன் பார்த்து ஐயோ பாவம் என்கிற இடமில்லை. வாசல் மட்டும் அதே இடத்தில், அதே அளவில்.

"மூலையிலை பூச்சு கொஞ்சம் வெடிச்சிருக்கு. நாளைக்குச் செய்விக்கிறன்."

"வேண்டாங்க. பேப்பர்ல ஒரு அம்பு வெட்டி அங்க ஒட்டி வைங்க."

எனக்குப் பாஸ்போர்ட் இல்லை. போனால் திரும்பி வர முடியாது என்கிறார்கள். எந்த நாட்டுக்காரி என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். எந்த ஆபீஸ் வாசலில் நிற்கவைத்தாலும் நிற்பேன். அம்மாவோடு போகவும் வரவும் வழி வாங்காமல் விடமாட்டேன். அந்த மூலையை என் கையால் பூசுவேன். அதுவரை அந்த அம்பை யாரும் உரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மகள்,
சுரேன் அண்ணாவின் தங்கை,
வதனி