என் லைனுக்கு வந்தவன்

2 நவம்பர் 2025, ஞாயிறு

லோகேஸுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஏஜென்ட் மூலமாக, ஒப்பந்த ஆப்பரேட்டர். பாயான் லெப்பாஸில், நான் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில். என் மனைவி ருக்குமணி சாமிக்கு விளக்கேற்றினாள். மகன் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. எத்தனை இன்டர்வியூ போய் வந்தான். நல்லது என்றேன். வேறு என்ன சொல்வது?

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் ஐந்தாம் படிவப் படிப்போடு ஆப்பரேட்டராகச் சேர்ந்து, ஒரு உற்பத்தி வரிசைக்கு லைன் லீடர் ஆனேன். முப்பது வயதில் ஜெலுத்தோங்கில் இந்த வீட்டை வாங்கினேன். இவன் எனக்கு மேலே போவான் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை.

3 நவம்பர்

என் லைனிலேயே போட்டுவிட்டார்கள்.

காலையில் காரிலேயே சொல்லிவிட்டேன்: "உள்ள என்னை அப்பான்னு கூப்பிடாதே."

"சரிப்பா" என்றான். கேட்டுக்கு முன்னாலேயே, ஃபேக்டரி பஸ் நிற்கும் இடத்தில் இறங்கிக்கொண்டான். நான் இறங்கச் சொல்லவில்லை. சொல்லவில்லைதானே? காரை மெதுவாக்கினேன் — அவ்வளவுதான்.

6 நவம்பர்

சூப்பர்வைசர் ஹைருல் கேட்டார், புதுப் பையன் உங்களுக்குத் தெரிந்தவனா என்று. தெரியாது என்றேன். லோகேஸ் பக்கத்தில்தான் ட்ரேக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

என் மகன் கோலாலம்பூரில் இன்ஜினியர் என்று ஹைருலிடம் சொல்லி வைத்திருக்கிறேன். யார் கேட்டார்கள் என்னை? நானாகத்தான் சொன்னேன்.

சாயந்திரம் அவன் காருக்கு வரவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வந்தான்.

7 நவம்பர்

ட்ரே மாறிப் போனதற்கு எல்லோர் முன்னாலும் அவனைச் சத்தம் போட்டேன். வேறு யாரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை.

"சாரி சார்" என்றான்.

சார்.

14 நவம்பர்

லோகேஸ் இரவு ஷிப்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருக்கிறான். ருக்குமணிதான் சொன்னாள். "அவன் அங்க நிக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இருக்காம் லா. அதான் மாத்திக்கிட்டான்."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் வீடு திரும்பும்போது அவன் கிளம்பிப் போயிருக்கிறான். அவன் திரும்பும்போது நான் போய்விடுகிறேன். ஒரே வீடு.

25 நவம்பர்

இன்று சொல்லிவிட்டேன்.

வேலை முடிந்து நானும் ஹைருலும் வெளியே வந்தோம். இரவு ஷிப்ட் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். லோகேஸ் எங்களைப் பார்க்காதது போலக் கடக்கப் பார்த்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன். இவன் என் மகன் என்றேன் ஹைருலிடம்.

ஹைருல் கை கொடுத்தார். அடிக்கடி சொல்வீர்களே, அந்த இன்ஜினியர் மகனா என்று என்னைக் கேட்டார். வாயைத் திறந்தேன். அதற்குள் லோகேஸ் சிரித்த முகத்தோடு மலாயில் சொன்னான்:

"இல்லை. அது என் அண்ணன்."

வேலை கார்டைக் கேட்டில் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

எனக்கு ஒரே பிள்ளை.

1 டிசம்பர்

பெரியவன் எப்படி இருக்கிறான் என்று ஹைருல் விசாரித்தார். நன்றாக இருக்கிறான் என்றேன்.